கடற்கரையின் ஒருசந்தி

சாம்பல் புதனில் தொடங்கி உயிர்ப்பு ஞாயிற்றின் வாசல்வரை நீளும் நோன்புக் காலத்தை இன்றைய தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் லெந்து காலம் என்றும் வழங்குகின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், 1970-களில், முதியவர்கள் அதைத் தபசு காலம் என்றே சொல்லிவந்தனர். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும்; அவற்றுள் 6 ஞாயிறுகள் உயிர்ப்பின் நினைவுநாட்கள் ஆதலால் நோன்புக் கணக்கில் சேரா, எஞ்சுவது 40. மோசே மலைமேல் இருந்ததும், எலியா ஓரேபு நோக்கி நடந்ததும், இயேசு பாலைநிலத்தில் உண்ணாதிருந்ததும் நாற்பது நாட்கள் என்று விவிலியம் சொல்வதால் இந்த எண் நிலைபெற்றது. அந்த நாற்பது நாட்கள் ஒரு மீனவச் சிற்றூரின் அடுப்படிக்குள் நுழைந்தபோது என்ன ஆயின என்பதே இக்கட்டுரை நினைவுகூர விரும்புவது.

நோன்பைக் குறிக்க அவ்வூரில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒருசந்தி என்பது ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பது. சந்தி என்னும் சொல் பொழுதைக் குறிப்பதால் ஒரு பொழுதுண்ணல் என்னும் பொருளில் இது அமைந்தது, கிறிஸ்தவரல்லாத தமிழரும் தம் விரதங்களுக்கு இதே சொல்லை ஆண்டுவருகின்றனர். சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்கிய உணவு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தவக்காலத்தின் வாரநாட்கள் எல்லாவற்றையும் ஒருசந்தி நாட்களாக வகுத்திருந்தது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை, கட்டாய ஒருசந்தியைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்குச் சுருக்கி, மற்ற நாட்களின் ஒருசந்தியை அவரவர் மனச்சான்றுக்கும் அந்தந்த நாட்டு ஆயர்களின் வழிகாட்டலுக்கும் விட்டது. 1983-இல் வந்த இன்றைய சட்டத்தொகுப்பின்படி ஒருசந்தி 18 வயது நிறைந்து, 60-ஆம் வயது தொடங்காதவர்க்கு உரியது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோர்க்கும் உரியது.

இச்சட்டங்கள் எல்லாவற்றிலும் விலக்கப்பட்டது இறைச்சியே, மீன் விலக்கப்படவில்லை. ஐரோப்பாவின் உள்நாட்டு ஊர்களில், இறைச்சி விருந்துக்குரியதாகவும் மீன் எளியோர் உணவாகவும் எண்ணப்பட்ட சூழலில், இந்த வேறுபாட்டுக்குப் பொருள் இருந்தது. ஆனால் காலையில் பழைய கஞ்சியோடு சுட்ட கருவாடும், மாலையில் மரச்சீனிக் கிழங்கோடு சாளைக் குழம்பும் உண்டு வாழ்ந்த ஓர் ஊரில், ஆண்டுக்கு நான்கைந்து முறை, அதாவது கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஏதேனும் ஒரு திருமணத்துக்கும் மட்டுமே இறைச்சி வாங்கிய குடும்பங்களுக்கு, இறைச்சியை விலக்குக என்னும் கட்டளை எதையும் விலக்கச் சொல்லவில்லை. சட்டத்தின் எழுத்தைக் கைக்கொண்டிருந்தால் தபசு காலத்தை அவர்கள் ஒரு மாற்றமும் இன்றிக் கடந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் அப்படிக் கடக்கவில்லை. அவ்வூரின் பல வீடுகளில் நாற்பது நாட்களும், எஞ்சிய வீடுகளில் புதனும் வெள்ளியும், கவிச்சி என்று பொதுப்பெயரிட்டு மீனையும் கருவாட்டையும் சேர்த்தே விலக்கினார்கள். இதை எந்தப் பங்குத்தந்தையும் கட்டளையிட்டதாக ஊரில் நினைவில்லை. கேரளத்துச் சுரியானிக் கத்தோலிக்கரின் கடுமையான நோன்பு மரபு எல்லை கடந்து வந்திருக்கலாம், அல்லது அண்டை ஊர்களில் மாலையிட்டு விரதம் இருந்தவர்களின் ஒழுக்கம் இவர்களையும் தொட்டிருக்கலாம். எவ்வழி வந்தாலும், தங்கள் வாழ்வில் எது இல்லாமல் போனால் வலிக்குமோ அதை இவர்களே கண்டுபிடித்து நோன்பின் பொருளாக்கினார்கள் என்பதை ஒரு பெரிய ஆன்மிகச் செயலாகவே கருத வேண்டும். இறையியல் நூல்கள் இதைப் பேசாமல் விட்டிருப்பது அந்நூல்களின் குறை.

இதன் கடுமை முழுவதும் விளங்க வேண்டுமானால் மீன் விற்ற பெண்களை நினைக்க வேண்டும். கட்டுரையாளரின் பாட்டி அவர்களுள் ஒருவர். விடியுமுன் கரைக்கு வந்து, ஏலத்தில் எடுத்த சாளையையும் நெத்தோலியையும் அயலையையும் பனையோலைக் கடவத்தில் நிறைத்து, தலைச்சுமையாக உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து, வீடுவீடாக விற்று உச்சிப்பொழுதில் திரும்புவது அவருடைய அன்றாடம். தபசு காலத்திலும் இது நிற்கவில்லை; தொழிலை நிறுத்தினால் வீட்டில் உலை ஏறாது. ஆகவே நாற்பது நாட்களும் கையிலும் சேலையிலும் மீன் வாடையோடு, பிறர் சமையலுக்கு மீனின் தரத்தைச் சொல்லிச் சொல்லி விற்றுவிட்டு, வீடு வந்து பயற்றுத் துவையலோடு கஞ்சி குடித்தார். அறுபதைக் கடந்துவிட்டதால் ஒருசந்தியிலிருந்தே அவருக்குச் சட்டப்படி விலக்கு உண்டு என்று பங்குத்தந்தை சொன்னதைப் பணிவோடு கேட்டுக்கொண்டார், ஆயினும் தம் வழக்கத்தை மாற்றவில்லை. கோயிலில் இறைச்சியைத்தானே வேண்டாம் என்கிறார்கள், மீனை ஏன் விட வேண்டும் என்று பேரப்பிள்ளை கேட்டபோது அவர் சொன்ன விடை ஒரு வரி: "கிடைக்காததை விடுறதுக்குப் பேரு ஒருசந்தியா மக்களே?"

மக்களே என்பது அக்கரையில் பெரியவர்கள் ஒரே ஒரு பிள்ளையைக்கூட அன்போடு விளிக்கும் சொல். அந்த விளியோடு வந்ததால் அவ்விடை கண்டிப்பாகத் தோன்றாமல், பல ஆண்டுகள் கழித்தே தன் கனத்தைக் காட்டியது.

விட்ட மீன் எங்கே போயிற்று என்பதும் இதனோடு சேர்ந்த செய்தி. கடவத்தில் கடைசியாக மீதமாகும் நாலைந்து மீன்களை வீட்டுக் கறிக்கென்று ஒதுக்குவது மீன்காரப் பெண்களின் வழக்கம். தபசு நாட்களில் பாட்டி அந்தப் பங்கையும் விற்றுக் காசாக்கவில்லை. கடலில் கணவனை இழந்து மூன்று சிறுபிள்ளைகளோடு இருந்த ஒரு வீட்டின் திண்ணையில் வாழையிலையில் பொதிந்து வைத்துவிட்டு, கூப்பிடாமல் நடந்துவிடுவார். அந்தப் பிள்ளைகள் வளரும் பிள்ளைகள், அவர்களுக்கு ஒருசந்தி இல்லை என்பது அவர் கணக்கு. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று இறைவன் உரைப்பதாக எசாயா இறைவாக்கினர் நூலின் 58-ஆம் அதிகாரம் சொல்வதைத் திருச்சபை சாம்பல் புதனை அடுத்த வெள்ளியன்று ஆண்டுதோறும் வாசிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி அதிகார எண்ணை அறிந்திருக்க வாய்ப்பில்லை. செவியால் கேட்டதை இலையில் பொதிந்துகொண்டிருந்தார்.

நோன்போடு இணைந்த மற்றொரு கடமை பாவசங்கீர்த்தனம். செய்த பிழைகளைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் இவ்வருட்சாதனத்தை இன்று ஒப்புரவு என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்து, பாஸ்காவை ஒட்டி நற்கருணை பெற வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. நற்கருணை பெறுவதை ஊர்வழக்கில் நன்மை வாங்குதல் என்பர். இக்கடமை தமிழ் அச்சு வரலாற்றோடும் பின்னியிருக்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களிலும், மேற்குக் கரை முக்குவர் 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் கையாலும் திருமுழுக்குப் பெற்றபின், அவர்களிடையே பல பத்தாண்டுகள் உழைத்த இயேசு சபைத் துறவி அண்டிறீக்கு அடிகளார், 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1580-இல், கொச்சியில் அச்சான அவருடைய நூல் கொம்பெசியோனாயரு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் கையேடு. தமிழ் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று மனிதர் தம் மனத்தை ஆராய்ந்து பார்ப்பதற்காக எழுதப்பட்டது என்பதும், அது கடலோர மக்களை எண்ணி எழுதப்பட்டது என்பதும், தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நீண்ட வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது.

அவ்வெள்ளிக்கிழமைகளின் மாலை வழிபாடு சிலுவைப்பாதை. இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டது வரையுள்ள நிகழ்வுகளை 14 நிலைகளாக நிறுத்தித் தியானிக்கும் இம்முறையில், நிலைகளின் எண்ணிக்கை 1731-இல் உறுதிசெய்யப்பட்டது. கோயிலுக்குள் சுவரில் மாட்டிய படங்களைச் சுற்றிவருவது ஒரு வகை; அவ்வூரிலோ குருசடியிலிருந்து புறப்பட்டு, மணலில் நட்ட மரச்சிலுவைகளின் வழியாகக் கடலோரமாகவே நடந்தார்கள். குருசு என்பது சிலுவைக்கான போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. குருசடி என்பது சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடம். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழும்போது முழங்காலில் ஒட்டிய ஈர மணலும், செபத்தின் இடைவெளிகளில் உள்ளே புகுந்துகொள்ளும் அலையோசையும், இன்று உள்நாட்டு நகரங்களின் கோயில்களில் சிலுவைப்பாதை செய்கையிலும் கட்டுரையாளரின் நினைவில் எழுகின்றன.

தபசு காலம் முழுவதும் திருப்பலியில் அல்லேலூயா பாடப்படுவதில்லை. பீடத்தில் பூ வைப்பதில்லை. ஊரில் திருமணம் நடப்பதில்லை. கடைசி இரு வாரங்களில் சுரூபங்கள், அதாவது புனிதர்களின் திருவுருவங்கள், ஊதாத் துணியால் மூடப்படும். குருத்து ஞாயிறன்று தென்னங்குருத்தில் முடைந்த சிறு சிலுவைகளை ஏந்திப் பவனி வந்தவர்கள், அவற்றை வீட்டுத் திருப்படத்தின் பின்னே செருகி வைத்து, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் திருப்பிக் கொடுப்பார்கள். அவற்றை எரித்த சாம்பலே நெற்றியில் பூசப்படும். இடைப்பட்ட ஆண்டில் கடல் கொந்தளித்து ஆண்கள் திரும்பத் தாமதித்த இரவுகளில், பாட்டி அந்த ஓலையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி அடுப்பில் இட்டுச் செபமாலை சொல்லியதும் உண்டு. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கக் கூடும். கரையில் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத ஒருத்தி, தன் அச்சத்தை வைப்பதற்கு ஆசீர்வதிக்கப்பட்ட ஓர் ஓலையைத் தேடியதில் நம்பிக்கைக்கு மாறானது எதையும் கட்டுரையாளர் காணவில்லை.

பாஸ்காவின் நாள் நிலவால் குறிக்கப்படுகிறது. மார்ச் 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு ஆதலால், அது மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. பெரிய வாரத்தின் இரவுகளில் எப்போதும் நிலவு நிறைந்திருக்கும் அல்லது நிறைவை ஒட்டியிருக்கும். பெரிய வியாழன் இரவில், பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கு முடிந்து, பீடத்தின் துணிகள் களையப்பட்டு, மணிகள் ஓய்ந்து, அவற்றுக்குப் பதில் மரக்கட்டை தட்டும் ஓசை மட்டும் கேட்கும் வேளையில், நற்கருணைமுன் விழித்திருக்க வரும் குடும்பங்கள் அந்த நிலவொளியில் மணலைக் கடந்து வந்தன. நிலவுக் காலத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பது கடலோடிகள் அறிந்த உண்மை. ஆயினும் பெரிய வெள்ளியன்று கடலுக்குப் போகாதிருப்பதை அவர்கள் மீன்பாடு பார்த்து முடிவு செய்யவில்லை. மீன் கொழித்த ஆண்டுகளிலும் கட்டுமரங்களும் வள்ளங்களும் மணல்மேட்டில் ஏற்றப்பட்டே கிடந்தன.

பெரிய வெள்ளி ஒன்றே ஆண்டில் திருப்பலி இல்லாத நாள் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரிய சனியும் இரவுவரை அவ்வாறே. வெள்ளி பிற்பகலில் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும், பொதுமன்றாட்டு நீளும், பின்னர் ஊரே வரிசையில் நின்று சிலுவையை முத்தி செய்யும். முத்தி என்பது வணக்கத்துக்குரிய முத்தம். அன்று கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சிறுபயறு சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை, இன்னார் வீடு என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே பந்தியாகத் தரையில் அமர்ந்து குடித்தார்கள். வள்ளம் வைத்திருந்தவரும் அவரிடம் கூலிக்குப் போனவரும் ஒரே கஞ்சியைக் குடித்த அந்த மதியத்தைப் போல ஆண்டின் வேறெந்த நாளும் அவ்வூரில் இருந்ததாக நினைவில்லை.

பெரிய சனி இரவில் கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்படும். நடப்பு ஆண்டின் எண்கள் பொறிக்கப்படும் அத்திரியில், கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தையும் கடையெழுத்தையும் குரு வரைந்து மொழியும் சொற்களைத் தமிழாக்கியவர்கள், அகரம் என்றும் னகரம் என்றும் பெயர்த்தனர். தமிழெழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவதாகத் தொல்காப்பியம் வகுத்ததை அறிந்தவர்க்கு இது எத்துணைப் பொருத்தமான தேர்வு என்பது விளங்கும். இருண்ட கோயிலுக்குள் ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு ஒளி பரவி, நாற்பது நாட்களாய் மறைந்திருந்த அல்லேலூயா திரும்ப வரும்போது, சிறுவர்கள் பெரும்பாலும் தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மணியோசையில் விழித்து, துணி நீங்கிய சுரூபங்களை வியப்போடு பார்ப்பார்கள்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு அக்கரையின் தவக்காலம் முன்போல் இருக்கவில்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமற்போய், பலர் மாண்டனர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அடுத்த ஆண்டுச் சாம்பல் புதன் பிப்ரவரி 14-இல் வந்தபோது, நீ மண்ணென்று நினைவூட்டும் சடங்கு மண்ணில் வைக்க ஒன்றும் இல்லாத வீடுகளைச் சென்றடைந்தது. சிலுவைப்பாதையின் பதின்மூன்றாம் நிலையில் மகனின் உடல் தாயின் மடியில் கிடத்தப்படுகிறது, பதினான்காம் நிலையில் கல்லறை மூடப்படுகிறது. அவ்வாண்டு அந்த இரண்டு நிலைகளிலும் செபம் வாசித்தவரால் உடனே தொடர இயலவில்லை. மரியாவுக்குக் கிடைத்த அந்தக் கொடிய ஆறுதல்கூடத் தங்களுக்கு இல்லை என்று அங்கே முழந்தாளிட்டிருந்த பெண்கள் உணர்ந்திருப்பார்கள். வெறுமையான கல்லறை உயிர்ப்பின் அடையாளம் என்று ஏப்ரல் 1-ஆம் நாள் விடியும் இரவில் மறையுரை ஆற்றுவது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது; கல்லறையே இல்லாத அவர்களிடம் அச்சொற்களை விரைந்து சொல்லாமல், திரிகளை ஏற்றி அருகில் நின்றிருந்ததே சரியெனப் படுகிறது.

உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாட்களும் ஒரே பெருவிழாவாகக் கொண்டாடப்படுவதால் அவ்வாரத்து வெள்ளிக்குச் சுத்தபோசனம் இல்லை. அன்று திருப்பலியில் வாசிக்கப்படுவது யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம்: இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் படாமல் விடியலில் திரும்பும் சீடர்களிடம், கரையில் நிற்கும் உயிர்த்த ஆண்டவர் மீன் உண்டா என்று கேட்கிறார், வலை 153 பெரிய மீன்களால் நிறைந்தபின் அவர்கள் கரையேறினால், கரி நெருப்பின்மேல் மீனும் அப்பமும் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கின்றன. பாட்டி இந்நிகழ்வைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கரையில் நின்றவர் கடலைப் பார்த்து மக்களே, மீன்பாடு உண்டா என்று கூப்பிட்டதாகவே சொன்னார். அன்று மாலை சிரட்டைக் கனலில் அவர் சாளை சுட்டார்; நாற்பது நாட்கள் விட்டிருந்த சுவை திரும்பி வந்தபோது, பிள்ளைகள் உண்டு முடிக்கும்வரை தம் பங்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

2018-இல் அந்த வெள்ளி ஏப்ரல் 6-ஆம் நாள் வந்தது. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வந்த நேரத்தில் இரண்டு வள்ளங்கள் கரை சேர்ந்திருந்தன. ஏலம் தொடங்குமுன், யாரும் சொல்லாமலேயே, ஒரு கடவம் தனியே வைக்கப்பட்டது. வலையிலிருந்து மீனைக் கழற்றிய ஒவ்வொருவரும் அதில் இரண்டு மூன்றாகப் போட்டுக்கொண்டே போனார்கள். அது நிறைந்ததும் ஒரு பெண் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆண் திரும்பாத வீடுகள் இருந்த தெருவை நோக்கி நடந்தார்.